நெய்யும் கைகளைக் காப்போம்

நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் நெய்து வரும் நுண்ணிய கோரைப் பாயைப் 'பட்டுப் பாய்' என்று பாராட்டுகிறோம். கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, சாயமேற்றி, பருத்திப் பாவில் ஊடுகோத்து, மணமக்கள் பெயரையும் அதில் பொறிக்கும் கைவன்மை தலைமுறை வழி வந்ததாகும். இன்று புவிசார் குறியீடு அப்பாயின் பெயரைக் காக்கிறது. நெய்யும் கையைக் காப்பது கூலியன்றோ?

பல நாள் உழைப்பில் உருவாகும் பாயை நெகிழிப் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசிவிட்டு, மேடையேறிக் 'கலை அழிகிறதே' எனக் கவல்வதால் யாது பயன்? நெய்வோரின் மக்கள் வேறு தொழிலை நாடினால் அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மரபைப் போற்றும் நாம், இல்லத் திருமணங்களுக்கேனும் ஒரு பாயை உரிய விலை கொடுத்து வாங்குவோமாக! பாராட்டினால் மட்டும் பசி தீராது.