மடுவில் கிடக்கும் மீன்

தூண்டிற்காரனைச் சோம்பேறி என்று சொல்வது உலக வழக்கம். காலையில் கோலும் கையுமாகப் புறப்பட்டு, மாலையில் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறவனை வேறு என்னவென்று சொல்வது? நாமும் வெகு காலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கும் கலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அக்கலையில் பாதிக்கு மேல் காத்திருப்பதுதான். ஆனால் காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு.

டிரவுட் நமக்கு முற்றிலும் புதிய மீன் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கொணர்ந்து நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் விட்டார்கள். எனினும் நாம் இவ்வாரம் சொல்லப்போகும் கதை அமெரிக்காவில் நடந்தது. டென்னஸி, வட கரோலினா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் கிரேட் ஸ்மோக்கி மலைகள் இருக்கின்றன. நீலப் புகை போன்ற மூடுபனி அவற்றின்மீது படிந்திருப்பதால் அந்தப் பெயர். நம் ஊரில் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அங்கே அதே காலத்தில் ஓடைக்கரைப் பாறைகளில் பனிக்கட்டி கண்ணாடிச் சரம்போல் தொங்கும்.

இந்த மீனுக்குப் புழுவைக் கோத்துப் போடுவதில்லை. அந்த மலைகளில் அமைந்த தேசியப் பூங்காவில் உயிரிரை சட்டப்படியே கூடாது. தூண்டில் முள்ளின்மேல் நூலால் இறகையும் மயிரையும் சுற்றி, ஓடையில் பறக்கும் பூச்சியைப் போலவே ஒரு பொய்ப் பூச்சி செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. தடித்த தூண்டிற் கயிற்றின் கனத்தைக் கொண்டே, கோலை முன்னும் பின்னும் வீசி, சேரவேண்டிய இடத்தில் அதைச் சேர்க்கிறார்கள். இன்று எந்தப் பூச்சி பறக்கிறது என்பது மீனுக்குத் தெரிந்த அளவாவது மனிதனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்!

குளிர்காலக் கடைசியில் தூண்டிற்காரனுடைய முதல் ஆயுதம் கோல் அன்று, உஷ்ணமானி. மீனின் உடற்சூடு ஜலத்தின் சூட்டைப் பொறுத்தது. ஜலம் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால், மீனுக்குப் பசி மந்தித்துவிடுகிறது. வேகமான நீரோட்டத்தை விட்டு விலகி, ஆழமான மடுக்களின் அடியில் அசையாமல் கிடக்கிறது. அப்போது பொய்ப் பூச்சியை அடித்தரையை ஒட்டி, அதன் மூக்கருகே மெதுவாகப் போகவிட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் அது எழுந்து வர மனங்கொள்ளாது. ஆகையால் விடியற்காலையில் எழுந்து ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. பிற்பகல் வெயிலில் ஜலம் சில டிகிரி ஏறும் வரையில் வீட்டில் இருப்பதே சாமர்த்தியம்.

வெயில்கூடச் சில நாள் வஞ்சித்துவிடும். சிகரங்களில் பனி கிடக்கும்போது நல்ல வெயில் அடித்தால், உருகிய பனிநீர் இறங்கி ஓடையை முன்னிலும் குளிர்வித்துவிடுகிறது. அனுபவம் இல்லாதவன் சட்டையைக் கழற்றிவிட்டு, மீன் ஏன் கடிக்கவில்லை என்று வியந்துகொண்டு நிற்பான்!

சில நாள் தொடர்ந்து ஜலம் 50 டிகிரியை, அதாவது 10 செல்சியஸை எட்டினால் ஓடையின் முகமே மாறிவிடும். நீருக்கடியில் வளர்ந்த பூச்சிகள் சிறகு விரித்து மேலே வருகின்றன. அவற்றுள் ஒன்றுக்குக் குவில் கார்டன் என்று பெயர். அமெரிக்கப் பூச்சிகளைப் பார்த்துப் பொய்ப் பூச்சி கட்டுவதில் முன்னோடியாக விளங்கி, 1915-இல் மறைந்த தியோடர் கார்டனின் நினைவு அப்பெயரில் நிற்கிறது. மடுவில் கிடந்த மீன் அன்று மேலே எழும்புகிறது.

அம்மலைகளுக்கே உரிய டிரவுட் ஒன்றுதான்: உடம்பெல்லாம் புள்ளி கொண்ட புரூக் டிரவுட். இலையுதிர் காலத்தில் அது கூழாங்கற்களிடையே முட்டையிடுகிறது. குளிர்காலம் முழுவதும் முட்டையும் குஞ்சும் அந்தக் கல்லுக்குள்ளேதான் இருக்கின்றன. விஷயம் தெரிந்தவன் அந்த இடத்தில் கால் வைக்கமாட்டான். அவன் மிதிக்காமல் விட்ட கல்லில்தான் பின்னொரு வருஷத்து மீன் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. காடுகளை வெட்டினார்கள். நிழல் போன ஓடைகள் சூடேறின. மண் சரிந்து கூழாங்கற்களை மூடிற்று. மீன் குறைந்ததும், அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். காடு பிழைத்து வளர்ந்தது. ஆனால் வந்த மீன் கீழ் ஓடைகளைப் பிடித்துக்கொள்ள, உரிய மீன் உச்சி ஓடைகளுக்கு ஒதுங்கிற்று.

1934-இல் தேசியப் பூங்கா ஏற்பட்டது. 1975-இல் வெளிமீன் விடுவதை நிறுத்தினார்கள். 1976-இல் புரூக் டிரவுட்டைப் பிடிப்பதற்குத் தடை விதித்தார்கள். அருவி தடுப்பாக நிற்கும் ஓடைகளில், அருவிக்கு மேலிருந்த ரெயின்போ மீன்களை அகற்றிவிட்டுப் புரூக் டிரவுட்டுக்கு இடம் செய்தார்கள். அருவியைத் தாண்டி மற்றது மேலே ஏற முடியாதல்லவா? பிறகு சில ஓடைகளில் மட்டும் தூண்டிலை அனுமதித்துச் சோதித்தார்கள். மீன் குறையவில்லை என்று கண்ட பிறகே 2006-இல் தடையை நீக்கினார்கள்.

கணக்கைப் பாருங்கள்: முப்பது வருஷம்! தடை வந்தபோது பத்து வயதாயிருந்த சிறுவன், அது நீங்கியபோது நாற்பது வயதுக் குடும்பஸ்தன். முப்பது வருஷமும் யாரோ கல்லைப் புரட்டி, ஜலத்தைச் சோதித்து, மீனை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பூமியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் குளிர்ந்த ஜலமே உயிரான அந்த மீனுக்கு இன்னும் ஆபத்து நீங்கவில்லை. ஆகையால் அந்த வேலையும் முடிந்தபாடில்லை.

இனி மாலையில் வெறுங்கையுடன் திரும்பும் தூண்டிற்காரனைக் கண்டால் நாம் சிரிக்கப் போவதில்லை. இன்று ஜலம் எத்தனை டிகிரி என்று கேட்கப் போகிறோம்.