கைக்கு அடங்கிய கயிறு

சில ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலக் கதைப் பகுதியொன்றைத் தமிழில் பெயர்த்து எழுதும்படி பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்திருந்தோம். புயற்காற்றில் அகப்பட்ட படகோட்டி ஒருவன், தக்க தருணத்தில் 'ஷீட்'டைக் கைவிட்டுப் படகைக் காப்பாற்றினான் என்பது கதை. மாணவர்களுள் பெரும்பாலோர், அவன் படுக்கை விரிப்பைக் கடலில் எறிந்துவிட்டான் என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும் சற்று ஆலோசித்து, பாயையே எறிந்துவிட்டான் என்று எழுதினான். நாமும் சிரித்துக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைத்தோம். சரியான விடை யாது என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டபோதுதான் தர்மசங்கடம் ஏற்பட்டது. அகராதியைப் புரட்டாமல் நம்மாலும் சொல்ல முடியவில்லை!

'ஷீட்' என்பது பாய் அன்று. பாயின் கீழ் மூலையிலோ, பாயின் அடியைத் தாங்கும் கட்டையிலோ கட்டி, பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவுகின்ற கயிறு அது. நம் கடற்கரை மக்கள் அதற்குத் தாமான் என்று பெயரிட்டு வழங்கி வந்திருக்கிறார்கள். பாயை மரத்தின்மேல் ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். ஆஞ்சானை இழுத்து ஏற்றிக் கட்டிவிட்டால், அதைப்பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்தது. தாமானோ கரை சேரும்வரை கையைவிட்டு அகலாதது. காற்று இசைவாக வீசும்போது அதை அளவறிந்து இழுத்தால் படகு விரையும். எதிர்பாராத காற்று வந்து மோதும்போது அதைத் தளர்த்தினால், பாயில் அடைபட்ட காற்று வழிந்துபோய்ப் படகு நிமிரும். படகோட்டியின் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வளவையும் நாம் கற்றது அகராதியிலிருந்து மட்டுமன்று, ஒரு பிழையிலிருந்துங்கூட. அதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

பிற்பாடு, தேசிய மாணவர் படையின் கடற்பிரிவைப் பள்ளியில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு வந்து சேர்ந்தது. மாணவர்கள் ஊருக்கு அருகிலுள்ள உப்பங்கழியில் 'என்டர்பிரைஸ்' என்னும் வகைப் படகில் பயில்வார்கள். 1956-ஆம் ஆண்டில் ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் வரைந்தளித்த படகு அது. நீளம் சுமார் 4 மீட்டர். ஒரு பெரும்பாய், ஒரு முன்பாய். இரண்டு பேர் ஏறலாம். ஒருநாள் பெரும்பாயின் தாமான் நைந்து போயிருந்தது. கடைக்குச் சென்று, புதிய நைலான் கயிறு வாங்கி வந்தோம். 5 மில்லிமீட்டர் பருமன், பளபளவென்று இருந்தது. யானையைக் கட்டினாலும் அறாது என்றார் கடைக்காரர். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மைதான். அந்த உண்மையே நம்மை ஏமாற்றியது.

அன்று மாலை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தத் தாமானைப் பிடித்திருந்தாள். மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுத்தது, ஈரத்தில் வழுக்கியது. அவள் என்ன செய்வாள்? கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். திடீரென்று ஒரு காற்று வந்தது. படகு சாய்ந்தது. "விடு! விடு!" என்று கரையிலிருந்து கூவினோம். கயிறு அவள் கையை இறுக்கிக்கொண்டு விடவில்லை, படகு கவிழ்ந்தது. கம்பளி மூட்டையென்று எண்ணிக் கரடியைப் பிடித்தவன் கதை நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண்ணும் கரைக்கு வந்து, "நான் விடத்தான் பார்த்தேன், ஸார்! கயிறுதான் என்னை விடவில்லை" என்றாள். மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் உயிருக்கு அபாயமில்லை. ஆனால் அவள் புறங்கையில் பதிந்திருந்த இரண்டு சிவந்த கோடுகள் பல நாள் நம் கண்முன் நின்றன. அந்தக் கயிற்றை வாங்கியவர் நாமல்லவா?

அதன் பின்னரே கயிற்றைப்பற்றிப் படிக்கலானோம். முற்காலத்து ஐரோப்பியக் கப்பல்களில் சணல் இனத்து நாரையும், பிற்காலத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் விளையும் அபாகா என்ற வாழையினச் செடியின் நாரையும் திரித்துக் கயிறு செய்தார்கள். நம் கரைகளில் தென்னை நார் இருக்கிறது. இவையெல்லாம் கைக்கு நல்ல பிடிப்புத் தருவன. ஆனால் காலப்போக்கில் மக்கிப் போவன. 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்பவரின் ஆய்வில் நைலான் பிறந்தது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டார்கள். இன்று தாமானுக்குப் பெரும்பாலோர் கொள்வது இந்தப் பாலியஸ்டரே.

நைலான் ஏன் ஆகாது? அது நன்றாக நீளும் குணமுடையது. நங்கூரக் கயிற்றுக்கு அந்தக் குணம் பெரிய நன்மை. அலையின் உதைப்பை வாங்கிக்கொள்ளும். தாமானுக்கு அதுவே தீமை. காற்று பலமாக அடிக்கும்போது பாயைத் தட்டையாக வைத்திருக்க வேண்டும். நைலானோ அந்தச் சமயம் பார்த்து நீண்டு, பாயைக் குடம்போல் புடைக்க வைக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு இலேசானது, நீரில் மிதக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் நலியும். 'டைனீமா' என்ற பெயரில் விற்கும் புதிய வகை, பருமனுக்குப் பருமன் எஃகுக் கம்பிக்கு ஈடு கொடுப்பது. நீளவே நீளாது எனலாம். ஆனால் அது வழவழப்பானது. கையிலும் நிற்காது, முடிச்சிலும் நிற்காது. ஆகவே அதை உள்ளே வைத்து, மேலே பாலியஸ்டர் உறை பின்னி விற்கிறார்கள். பந்தயக்காரர்களுக்கு அது வேண்டும். பயிலும் பிள்ளைகளுக்குப் பாலியஸ்டர் பின்னற் கயிறே போதும்.

இனி, பருமன். இங்கேதான் நாம் தவறினோம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, பாயின் 1 சதுர மீட்டரில் சுமார் ஒன்றரைக் கிலோ பளுவுடன் அழுத்தும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகி, சுமார் 6 கிலோ ஆகும். 'என்டர்பிரைஸ்' படகின் இரண்டு பாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 10½ சதுர மீட்டர். ஆக, அந்தக் காற்றில் அறுபது கிலோவுக்குச் சற்று மேல். கப்பிகள் அந்தப் பளுவைப் பங்கிட்டுக்கொள்ள, கைக்கு வருவது அதில் ஒரு பகுதியே. 5 மில்லிமீட்டர் கயிறோ பல நூறு கிலோ தாங்கும். கயிறு அறுமோ என்ற கவலை சிறு படகுக்கு வேண்டியதில்லை. கை அதைப் பிடிக்குமா, பிடித்த கை அதை நொடியில் விடுமா என்பதே கேள்வி. அதற்கு 8 முதல் 10 மில்லிமீட்டர்ப் பருமன் வேண்டும். வாங்கும்போது கயிற்றை நனைத்து, கையில் பிடித்து, ஒருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கையில் சுற்றிக்கொள்ளத் தோன்றினால் அந்தக் கயிறு ஆகாது.

நீளத்துக்கு, பாயை எட்டும் மட்டும் வெளியே தள்ளிவிட்டு, கப்பிகள் வழியே ஒரு நூலைக் கோத்து அளந்து, இரண்டு முழம் கூட்டிக்கொள்ளலாம். பெரிய படகுகளின் முன்பாய்க்கு, ஒவ்வொரு பக்கத்துத் தாமானும் படகின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு.

கட்டும் வகை இன்னொரு பாடம். முன்பாயின் மூலையில் கயிற்றை நாம் ஓர் உலோகக் கொளுவியால் மாட்டியிருந்தோம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. காற்றில் பாய் படபடக்கும்போது அந்தக் கொளுவி சம்மட்டிபோல் வீசும் என்பதை யோசிக்கவில்லை. படகு கவிழ்ந்த அன்று அது எவர் நெற்றியையும் தீண்டாமற் போனது தெய்வாதீனம். அந்த இடத்தில் போலைன் என்ற முடிச்சே போதுமானது. அதை மாணவர்களுக்கு இப்படிச் சொல்லித் தருகிறோம்: கயிற்றில் ஒரு சிறு வளையம் இடுங்கள், அது புற்று. நிமிர்ந்து நிற்கும் கயிறு மரம். பாம்பு புற்றிலிருந்து வெளியே வந்து, மரத்தின் பின்னால் சுற்றி, மறுபடியும் அதே புற்றுக்குள் நுழைகிறது. எவ்வளவு இழுத்தாலும் இறுகி மாட்டிக்கொள்ளாத முடிச்சு அது. பளு நீங்கியதும் எளிதில் அவிழும். ஆனால் கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முடிச்சினால் குறையும். படபடப்பில் தானே தளர்ந்துவிடாதிருக்க, நுனியை ஒரு சாண் நீளம் விடவேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீண்ட கயிற்றை எடுத்து, நடுவில் மடித்து, மடிப்பைப் பாயின் கண்ணுக்குள் நுழைத்து, இரு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் இழுத்துவிடுவது மற்றொரு முறை. முடிச்சுப் புடைப்பு இல்லாததால், படகைத் திருப்பும்போது அது பாய்மரத்தில் சிக்காது. ஒரு பக்கம் நைந்தால் முழுக் கயிற்றையும் மாற்ற வேண்டியிருப்பது அதன் குறை. கயிற்றின் மறு நுனி கப்பியிலிருந்து உருவிக்கொண்டு ஓடாதபடி எட்டு முடிச்சு ஒன்று போடுவது வழக்கம். பின்காற்றுக்கு விரிக்கும் பெரிய பலூன் பாயின் தாமானில் மட்டும் அதுவும் கூடாது. ஆபத்தில் அது முற்றிலும் ஓடிப்போக வேண்டும். எந்தக் கயிறானாலும் உப்பு நீரில் நனைந்தபின் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துவது நன்று.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து நம் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர், தில்னா என்பவரும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், 'தாரிணி' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார்கள். எட்டு மாதம், நான்கே கைகள். அவர்கள் எத்தனை முறை தாமானை இழுத்தும் தளர்த்தியும் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். அத்தகைய பிரயாணத்தைக் கனவு காணும் பெண் குழந்தைகள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் கயிறு சரியானதாக இருக்க வேண்டாமா?

பழைய நைலான் கயிறு இப்போது நம் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும் கொடியாகத் தொண்டு செய்கிறது. அதற்கு அதுவே தகுந்த உத்தியோகம். இவ்வாண்டு பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண்ணின் வகுப்பில், அந்தப் பழைய ஆங்கிலப் பகுதியை மறுபடியும் கொடுத்துப் பார்த்தோம். விரிப்புகள் வழக்கம்போல் கடலில் விழுந்தன. அவள் மட்டும், "அவன் தாமானைத் தளர்த்தினான், படகு நிமிர்ந்தது" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டோம்.