பணியும் பொறுப்பும்

உழவன் தன் கலப்பைக்குரிய கொழுவைத் தானே அடித்துக்கொள்வதில்லை, கொல்லனை நாடுகின்றான். கொல்லன் தன் உணவுக்குரிய நெல்லைத் தானே விளைத்துக்கொள்வதில்லை, உழவனை நாடுகின்றான். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்த தொழிலைச் செய்து, ஏனையவற்றைப் பிறரிடமிருந்து பெறுவதே நாகரிக வாழ்வின் அடிப்படையாகும். தனிமனிதர்க்குப் பொருந்தும் இந்நெறி பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். இக்காலத்தில் வங்கிகளும் ஆலைகளும் வணிக நிலையங்களும் தம் கணிப்பொறிப் பணிகளையும் மென்பொருள் ஆக்கும் வேலையையும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்து வருகின்றன. அவை அவ்வாறு செய்வது ஏன்? அது முறைதானா? முறையெனின், அதற்கு எல்லை உண்டா? இவ்வினாக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

அமெரிக்க நாட்டில் ராச்செஸ்டர் என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள கோடக் நிறுவனம் நிழற்படச் சுருள் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனம் 1989-ஆம் ஆண்டில், தன் கணிப்பொறி நிலையங்களை நடத்தும் பணியை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இது முற்றிலும் புதிய வழக்கம் அன்று. பிறர்க்குக் கணிப்பொறிப் பணி செய்து தருவதற்கென்றே ராஸ் பெரோ என்பார் 1962-ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஆயினும், கோடக் போன்றதொரு பெருநிறுவனமே இவ்வழியை மேற்கொண்டமை வணிக உலகின் கருத்தைக் கவர்ந்தது. படச்சுருள் செய்வோர்க்குக் கணிப்பொறி ஒரு கருவியே; அதனைக் காப்பது அவர்தம் தொழிலன்று என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இவ்வாறு ஒப்படைப்பதற்குரிய காரணங்களுள் முதலாவது செலவு. புதிய மென்பொருள் ஒன்றை ஆக்க ஆறு திங்களுக்கு நூறு பொறியாளர் தேவைப்படலாம். வேலை முடிந்தபின் பத்துப் பேரே போதும். எஞ்சிய தொண்ணூறு பேர்க்கு ஓர் ஆலையோ வங்கியோ என்ன வேலை தரும்? பல நிறுவனங்களுக்குப் பணி செய்யும் வெளி நிறுவனமோ, அவர்களை அடுத்த வேலைக்கு அனுப்பிவிடும். மேலும், ஊதியம் நாட்டுக்கு நாடு வேறுபடுதலால், கடல் கடந்து வேலையை அனுப்புவோர்க்குச் செலவு இன்னும் குறைகின்றது.

இரண்டாவது காரணம் திறமையுடையார் கிடைத்தல். பழைய கணிப்பொறிகளில் இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதிவந்தனர். 2000-ஆம் ஆண்டு பிறந்தால், அதனைக் கணிப்பொறி 1900 எனப் பிழைபட உணருமே என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. எண்ணற்ற நிரல்களை வரிவரியாகப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது, நாளோ குறிக்கப்பட்டுவிட்டது. மேலை நாட்டு நிறுவனங்களிடம் அதற்குப் போதிய ஆட்கள் இல்லை. அப்பணியில் குறிப்பிடத்தக்க பங்கை இந்தியப் பொறியாளர் ஏற்று முடித்தனர்.

மூன்றாவது காரணம் காலம். சென்னையில் காலை 9 மணி ஆகும்போது நியூயார்க்கில் முன்னாள் இரவு நடந்துகொண்டிருக்கும். அங்குள்ளோர் மாலையில் விட்டுச்சென்ற வேலையை இங்குள்ளோர் காலையில் தொடர்கின்றனர்.

இவ்வாய்ப்பு இந்தியாவிற்கு ஒருநாளில் வந்ததன்று. டாட்டா குழுமத்தார் 1968-ஆம் ஆண்டில் கணிப்பொறிப் பணிக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அமெரிக்க நிறுவனமாகிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-ஆம் ஆண்டில் பெங்களூரில் தன் நிலையத்தை நிறுவி, செயற்கைக்கோள் வழியே வேலையைத் தாய்நாட்டிற்கு அனுப்பியது. சென்னைத் தரமணியில் 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. சிற்றூர்ப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளும் கடல் கடந்த வங்கிகளின் கணக்கைக் காக்கும் நிலை உண்டாயிற்று. அதேபொழுதில், ஓர் ஊரில் ஒருவர்க்கு வாய்த்த வேலை வேறோர் ஊரில் மற்றொருவர் இழந்த வேலையாகவும் இருக்கலாம் என்பதை நடுவுநிலையாளர் மறவார்.

இத்துணை நன்மையுடைய வழக்கத்திற்கு எல்லை உண்டா? உண்டு என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். டி.எஸ்.பி. என்னும் வங்கி, 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஏறத்தாழ 52 இலட்சம் மக்களின் கணக்குகளைப் பழைய கணிப்பொறி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. புதிய அமைப்பை ஆக்கியது வங்கியன்று. அப்போது அதன் தாய்நிறுவனமாயிருந்த ஸ்பெயின் நாட்டுச் சபாடெல் குழுமத்தைச் சார்ந்த வேறொரு நிறுவனம். கணக்குகள் மாறின, ஆனால் அமைப்பு தடுமாறியது. தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாமல் மக்கள் துயருற்றனர். எல்லாம் முற்றும் சீர்ப்பட அவ்வாண்டு டிசம்பர் வரை ஆயிற்று. 2022-ஆம் ஆண்டில் வங்கிகளைக் கண்காணிக்கும் அமைப்புகள் 4 கோடியே 86 இலட்சம் பவுனுக்கு மேல் தண்டம் விதித்தன. எவர்க்கு? அமைப்பை ஆக்கியவர்க்கு அன்று, ஒப்படைத்த வங்கிக்கே! வேலையை ஏற்றவர் அதற்கு ஆயத்தமாயிருந்தனரா என்று நன்கு ஆராயாதது வங்கியின் குற்றங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

பணியை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது என்பதே இதனால் பெறப்படும் உண்மை. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் அமைந்துள்ளது. ஆராய்ந்து அறிந்த பின்னரே ஒருவரை வினையில் அமர்த்த வேண்டும் என்பது அத்தலைப்பிலேயே விளங்கும். ஆராய்வதற்கோ அறிவு வேண்டும். தன் கணிப்பொறி அறிவு முழுவதையும் வெளியே அனுப்பிவிட்ட நிறுவனம், வந்த வேலை நன்றா தீதா என்று எங்ஙனம் அறியும்? ஆகவே, எத்துணை வேலையை வெளியே அனுப்பினும், அதனை மதிப்பிடவல்ல சிலரையேனும் தன்னகத்தே வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

வேலையை ஏற்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. சொன்னதைச் செய்தோம், கூலி பெற்றோம் என்று அமைதல் போதாது. குறை காணின் அஞ்சாது எடுத்துரைக்க வேண்டும். தாம் எழுதும் ஒவ்வொரு வரியின் பின்னும், முகமறியா ஒருவரின் சேமிப்பு இருக்கின்றது என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

வீட்டைக் கட்டும் வேலையைக் கொத்தனாரிடம் ஒப்படைக்கலாம், அதுவே முறை. ஆனால், அடித்தளம் இடும் நாளில் உடையவன் அருகிருந்து பார்த்தல் வேண்டும். அவ்வீட்டில் வாழப்போகின்றவன் அவனே அன்றோ?