எது மாறியது என்று சொல்லுங்கள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்னத் தமிழ் அச்சகத்தில் 1979-ல் நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை, சத்தமாக வாசிப்பது. எதிரே புரூஃப் ரீடர் சிவப்புப் பேனாவோடு அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூலப் பிரதியை வாசிக்க வேண்டும். கமா, புள்ளி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காப்பி ஹோல்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். ஒரே ஆள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு திருட்டுப் பயலுடா. முதல் தாள்ல பாத்ததையே ரெண்டாவதுலயும் பாத்துட்டுப் போயிரும்" என்றார்.

போன வருடம் செம்பூரில் அந்தப் பாடம் கை கொடுத்தது. எங்கள் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒரு பில்டரோடு பேசி முடித்திருந்தோம். ஒப்பந்த வரைவு 64 பக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை சொசைட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து படித்து, சண்டை போட்டு, ஒத்துக்கொண்டோம். கையெழுத்துக்கு முந்தின வாரம் மெயிலில் இன்னொரு பிரதி வந்தது. எழுத்துத் திருத்தம் மட்டும்தான் என்று ஒரு வரியும் கூடவே வந்தது. எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்கா மகனிடம் இரண்டு கோப்புகளையும் கொண்டுபோனேன். "இதுக்கா மாமா ராத்திரி முழிச்சிருந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே வேர்டில் 'கம்பேர்' அழுத்தினான். பத்து நொடிதான், 41 இடத்தில் சிவப்பு. அதில் 39 வெறும் காற்புள்ளியும் முகவரியும். மீதி இரண்டு அப்படி இல்லை. "வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து 36 மாதம்" என்று இருந்தது, "கட்டுமானத் தொடக்கச் சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து 36 மாதம்" என்று மாறியிருந்தது. பெட்டி படுக்கையோடு நாங்கள் வெளியேறிய பிறகு அந்தச் சான்றிதழ் எப்போது வரும் என்று யார் கண்டது? இன்னொன்று, கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், "பால்கனி உட்பட" என்று இரண்டே சொல் நுழைந்திருந்தது. ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் இலக்கணப்படி பால்கனி அந்தக் கணக்கில் சேரவே சேராது. கேட்டோம். டைப்பிங்கில் நேர்ந்த தவறு என்றார்கள், பழையபடி மாற்றிக் கொடுத்தார்கள். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அச்சகத்தில் 31 வருடம் இருந்தவன். டைப்பிங் தவறு எந்தப் பக்கம் சாயும், எந்தப் பக்கம் சாயாது என்று எனக்குத் தெரியும்.

கணினிக்கு இது பழைய வித்தை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970களில் எழுதிய 'டிஃப்' என்ற நிரல், இரண்டு கோப்பிலும் ஒரே வரிசையில் வரும் வரிகளை முடிந்தவரை அதிகமாகப் பொருத்திப் பார்த்து, பொருந்தாமல் நிற்பவற்றை மட்டும் காட்டும். அது அசராது, என்னைப் போல டீ குடிக்கப் போகாது. ஆனால் அதற்கும் ஒரு கோணல் உண்டு. பெயர்ப் பட்டியலின் தலையில் புதிதாக ஒரே ஒரு பெயர் சேர்ந்தால் கீழே உள்ள வரிசை எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டால் அத்தனை வரியும் மாறிவிட்டது என்று சொல்லும். தமிழில் இன்னொரு கூத்து. 'கொ' என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிவு செய்யலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதிவு செய்யலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில நிரல்களுக்கு வேறு வேறு. வித்தியாசம் இருக்கிறது என்று கணினி சொல்லும். அது கொம்பு விஷயமா, குடியிருக்கும் வீட்டு விஷயமா என்று மனிதன்தான் சொல்ல வேண்டும்.

குடியிருக்கும் வீட்டு விஷயமாகத்தான் அக்கா மகன் கடைக்கு இப்போது ஆட்கள் வருகிறார்கள். தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில், யாருக்கு எந்த வீடு என்று சொல்லும் தகுதிப் பட்டியல் என்ற ஒன்று இருக்கிறது. முதலில் வரைவு, பிறகு ஆட்சேபம், பிறகு இறுதிப் பட்டியல். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்றால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவருக்கு வெளியே வாடகை வீடு, பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு வரியில் ஒரு தேதி இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் பேட்டையே மாறிவிடும்.

அந்தத் தேதியை நிரூபிக்கப் பழைய தாள்கள் வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் தாள்களில் பெயர் ஒன்றாக இருந்ததே இல்லை. ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து போதும். இங்கே பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயர் இல்லாதவன் எதை எழுதுவான்? ஒரு தாளில் அப்பா பெயர், இன்னொன்றில் ஊர்ப் பெயர், மூன்றாவதில் அவன் பெயரே இரண்டு தடவை. முத்து என்பதை ஆங்கிலத்தில் டி, எச் போட்டு எழுதுகிறோம். மராத்திக்காரர் அதைப் படித்தால் மூச்சு அழுத்திச் சொல்லும் வேறொரு 'த' வரும். தமிழ்ச்செல்வியின் 'ழ'வுக்கு நாம் போடும் இசட், எச் அங்கே 'ஜ' ஆகிவிடும். ரேஷன் கார்டில் தமிழ்ச்செல்வி, வாக்காளர் பட்டியலில் தமிஜ் செல்வி. கணினி இரண்டு பெண்கள் என்கிறது. தெருவே ஒருத்தி என்கிறது. தாராவித் திட்டத்தை நடத்தும் நிறுவனம்கூட 2024 டிசம்பரில் பெயர் மாற்றிக்கொண்டு நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் ஆனது. நிறுவனம் பெயர் மாற்றினால் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. தமிழ்ச்செல்விக்கு எத்தனை பிரமாணப் பத்திரம்!

ஆகவே நான் கேட்பது இதுதான். மக்களைப் பாதிக்கும் எந்த ஆவணத்தையும் திருத்தி வெளியிடுகிறவர், எது மாறியது என்று தாமே சொல்ல வேண்டும். சேர்ந்த பெயர் எது, நீங்கிய பெயர் எது, திருத்திய வரி எது, ஏன் என்று தனித் தாளில் வர வேண்டும். பழைய பிரதியை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே புதியதை வைக்கக் கூடாது. தேதி போட்டு இரண்டும் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமாகப் போட்டால் கணினியால் அப்படியே ஒப்பிட முடியாது. எழுத்தாகவே போட வேண்டும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது, எந்தப் பழைய பிரிவு எந்தப் புதிய பிரிவானது என்று காவல்துறைக்காக அரசு அமைப்பே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டுக் கொடுத்தது. நாம் திட்டப் பயன்படுத்தும் 420, இப்போது 318 என்று அதில் ஒரு பார்வையில் தெரியும். பீகாரில் வாக்காளர் வரைவுப் பட்டியலில் இடம்பெறாத சுமார் 65 லட்சம் பேரின் விவரத்தைக் காரணத்தோடு, தேடிப் பார்க்கும் விதமாக வெளியிடுங்கள் என்று 2025 ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றப் படி ஏறித்தானா இதைக் கேட்க வேண்டும்?

எழுத்தாகப் போட்டால் யாராவது திரட்டித் தவறாகப் பயன்படுத்துவார்களே என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை 2018-ல் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. சரி, முழுப் பட்டியலை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டாம். மாறிய வரிகளை மட்டும் அந்தந்த வட்டாரத்தில், சந்து முனையில் ஒட்டுங்கள். மராத்தியோடு தமிழிலும் ஒட்டுங்கள். அதற்குப் பெரிய கணினி வேண்டாம், ஒரு பசை டப்பா போதும்.

உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு மற்றதை மறைக்கவில்லை. பிரதிபேதம் என்று குறித்துக் காட்டினார். தம் முடிவைப் படிப்பவரே சரிபார்க்கட்டும் என்று வழி விட்டார். மறைந்த புலவர்களின் வரிக்கு அவர் காட்டிய நாணயத்தை, உயிரோடு இருக்கும் மனிதரின் பெயருக்கு நம் அலுவலகங்கள் காட்டக் கூடாதா?

அது நடக்கும்வரை உங்களுக்கு ஒரு சொல். கையில் வந்த முதல் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள். மேல் மூலையில் தேதி எழுதி வையுங்கள். இரண்டாவது பிரதி வந்ததும் வீட்டில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எதிரே உட்கார வையுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், ஒருவர் பார்க்கட்டும்.