தாய்மடிப் பள்ளியும் தந்தையின் கடனும்

“தாயே முதற் பள்ளிக்கூடம்” என்னும் சொல் முழங்காத மேடை நம் ஊர்களில் இல்லை. அதனை நபிமொழி என்றே சொல்லிவிடும் பேச்சாளர்களும் உளர். அது நபிமொழியன்று, 1932-இல் மறைந்த எகிப்தியக் கவிஞர் ஹாஃபிஸ் இப்ராஹீமின் கவிதையால் பரவிய கருத்து. அவரும் அந்தப் பள்ளியை முதலில் ஆயத்தம் செய்யவேண்டும் என்றே நிபந்தனை வைத்தார். நம்மவரோ நிபந்தனையை விட்டுவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் என்றால் அதற்கு நேரம் வேண்டாமா? இடம் வேண்டாமா? ஆசிரியர்க்கு ஓய்வு வேண்டாமா? இவற்றை யார் கொடுப்பது என்று கேட்டால் மேடை மௌனம் சாதிக்கிறது.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது வீடுதோறும் பாடம் நடந்ததைக் கண்டோம். அதன்பின், இளம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாம் என்னும் ஆர்வம் நம் குடும்பங்கள் சிலவற்றில் வேரூன்றியிருக்கிறது. அந்த ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. நம் மூதாட்டியர் பலர் பள்ளி வாசலை மிதித்தவர்களல்லர். வீட்டுத் திண்ணைக்கு உள்ளேயே குர்ஆன் ஓதவும் அரபுத்தமிழ்க் கிதாபுகளை வாசிக்கவும் கற்று, அண்டைவீட்டுச் சிறுமியர்க்கும் கற்பித்தவர்கள். வீட்டுக்கல்வி நமக்குப் புதிதன்று. அதன் சுமையை ஒரே தலையில் ஏற்றிவிட்டு, அத்தலை ஏற்கெனவே வேறொரு சுமையையும் தாங்கி நிற்கிறது என்பதைக் காண மறுப்பதே நாம் எதிர்க்கும் புதுமை.

அண்மையில் ஒரு சகோதரர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். ஐந்து வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே ஓதவும் எழுதவும் வைக்கப் போவதாகச் சொன்னார். அவருடைய மனைவி வீட்டிலிருந்தபடியே கணினியில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குகளை எழுதிச் சம்பளம் பெறுபவர். “நல்லது, நீங்கள் எந்த வேளையில் பாடம் சொல்லிக்கொடுப்பீர்கள்?” என்று வினவினோம். “எனக்கு எங்கே ஹஜ்ரத் நேரம்? அவள் வீட்டில்தானே இருக்கிறாள்?” என்றார்.

வீட்டில்தானே இருக்கிறாள்! இந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை அநியாயம் ஒளிந்திருக்கிறது! மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் தாய்மார்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், எத்தனை சுற்றினாளோ அத்தனைக்கே கூலி. அவள் பிள்ளைக்கு ஓர் எழுத்தைக் காட்டக் கையை நிறுத்தினால் அந்த நிமிடத்துக்குரிய காசு போயிற்று. 1966-இல் பீடித் தொழிலாளர்க்கென வந்த சட்டம், பெண்கள் பலர் கூடி வேலை செய்யும் கூடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து சுற்றியவளுக்கு எந்தக் காப்பகம் வந்தது? தட்டு இருந்த மடியில் இன்று கணினி இருக்கிறது. சொல் மட்டும் மாறவில்லை.

2021-இல் தமிழ்நாட்டு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கற்பித்த தன்னார்வலர்க்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. தொகை சிறிதே. எனினும் கற்பிப்பது உழைப்பு என்பதை அரசும் ஒப்புக்கொண்டது. நம் வீட்டார் ஒப்புக்கொள்வது எப்போது?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தையின் மீது வைக்கிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யவேண்டும் என்கிறது. பாலை நிறுத்துவதற்கே ஆலோசனை வேண்டுமென்றால், ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் வேலையைக் கேளாமலே ஒருத்தியின் மீது சுமத்துவது எந்த வகையில் தகும்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், கடமையான கல்வியைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் கூலி பிள்ளையின் பொருளிலிருந்து, பொருள் இல்லையேல் அதன் நஃபகாவுக்குப் பொறுப்பானவர் மீது என எழுதியுள்ளார்கள். அந்தப் பொறுப்பில் முதலில் நிற்பவர் தந்தை. வாப்பா என்பவர் முடிவை மட்டும் அறிவித்துவிட்டுக் கடைக்குப் போய்விடலாம் என்று எந்தக் கிதாபிலும் நாம் ஓதவில்லை.

“அப்படியானால் அவள் வேலையை விடட்டுமே” என்பார் சிலர். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் ஈட்டியதைத் தர்மம் செய்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார், தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடலாமா என வினவியபோது, அதற்கு இரட்டை நற்கூலி உண்டெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மனைவி ஈட்டுவது மனைவியின் உடைமை. அதை வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் வாங்கிக்கொண்டு, பாடம் என்று வந்தவுடன் ‘வேலையை விடு’ என்பவர், வாடகையை இனி யார் கொடுப்பது என்பதையும் அதே மூச்சில் சொல்லட்டும். கணவனை இழந்தவளும் மணவிலக்குப் பெற்றவளும் எதை விடுவார்கள்?

மக்தபில் நெடுங்காலம் பாய் விரித்து அமர்ந்த ஆசிரியன் என்னும் உரிமையோடு ஒன்று சொல்வோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு மணிநேரப் பாடம் தேவையே இல்லை. அன்றைய சபக்கு அரைமணி. எழுத்துக்கும் எண்ணுக்கும் இன்னோர் அரைமணி. மீதி விளையாட்டும் கதையும் வீட்டுச் சிறுவேலையும். ஆனால் அந்த அரைமணி முழுமையாகப் பிள்ளைக்கே உரியதாக இருக்கவேண்டும். அலிஃபையும் ஐனையும் தமிழ்ப்பிள்ளையின் நாவு ஒன்றாகவே ஒலிக்கும். ஐன் தொண்டையின் நடுவிலிருந்து எழுவது. ஆசிரியரின் வாயைப் பார்த்தும், தன் தொண்டையில் விரல் வைத்தும்தான் பிள்ளை அதைப் பிடிக்கும். லகர, ளகர, ழகரமும் அப்படியே. தாயின் கண் கணினியிலும் காது பிள்ளையிடமும் இருந்தால் கணக்கிலும் பிழை, கிராஅத்திலும் பிழை. இரண்டு வேலையை ஒரே நாளில் செய்யலாம். ஒரே நிமிடத்தில் செய்ய இயலாது.

ஆகவே சுபுஹுக்குப் பின் வரும் அரைமணியைத் தந்தை எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர் மீண்டும் படுக்கைக்குப் போகாமல் மகனை அருகில் அமர்த்தட்டும். இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தார்க்குப் பணிவிடை செய்வதே நபிகளாரின் வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை ஓதியவர்கள்தாமே நாம்? வளைகுடாவில் இருப்பவர் தொலைபேசியில் நாள்தோறும் பிள்ளையின் பழைய பாடத்தைக் கேட்கலாம். பாட்டியார் கதை சொல்லட்டும். தாய் வேலைக்கு அமரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டால் அதை யாரும் குற்றமாகக் காணாதிருக்கட்டும். இவ்வளவும் கூடாத வீடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பட்டும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அதற்கு மேலும் வீட்டிலேயே வைக்க நினைப்பவர், பத்தாம் வகுப்புத் தேர்வைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதப் பதினான்கு வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது முதலான விவரங்களை இப்போதே கேட்டறிவது தந்தையின் வேலை.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. காலை மக்தப் முடிந்தபின் ளுஹர் வரை நம் மதரஸாக் கூடங்கள் பூட்டியே கிடக்கின்றன. பாயும் மின்விசிறியும் உள்ளே இருக்கின்றன. ஆலிமா பட்டம் பெற்ற பெண்களும் ஊர்களில் இருக்கிறார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்து, முறையான சம்பளமும் கொடுத்தால், உழைக்கும் தாய்க்கு நாள்தோறும் மூன்று மணிநேரம் கிடைக்கும். சந்தனக்கூட்டுக்கும் மேடைக்கும் வசூலிப்பவர்கள் இதற்கும் ஒரு ரசீதுப் புத்தகம் அச்சிடலாம். மதரஸா ஆண்டு ஷவ்வாலில் தொடங்குகிறது. அதற்குள் கூடத்துக்கு வெள்ளையடித்துவிட முடியும்.