ஃப்ரீசர் பன்னும் வாட்ஸப் விஷமும்

கனகம்மாசத்திரத்துல என் கிளினிக்குக்கு போன வாரம் ஒரு அக்கா வந்தாங்க. பையனுக்குச் சாதாரண சளி. மருந்து எழுதி முடிச்சதும் தயங்கித் தயங்கி ஃபோனை நீட்டினாங்க. "இன்னா சார் இது, ஃப்ரீசர்ல வச்ச பன்னு குடுத்தா புள்ளைங்களுக்கு கேன்சர் வருமாமே?"

காலையில ஐந்தரைக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுறவங்க. ஞாயித்துக்கிழமை மாவு பிசைஞ்சு, பன் உருட்டி, அரைவேக்காடா சுட்டு ஃப்ரீசர்ல வச்சிடுறாங்க. தினம் ரெண்டு எடுத்துச் சுட்டா பையன் சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போவான். ஃபார்வர்டு வந்ததுல இருந்து வீட்ல தினம் பஞ்சாயத்து. இப்போ பத்து நாளா பையனுக்கு டீயும் கடை பன்னும்தான்.

அதான் இந்த நீண்ட த்ரெட். கோவமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்குங்க.

மைனஸ் 18 டிகிரியில கிருமி பெருகாது. சாகாது, தூங்கும். உறைய வைக்கிறதால மாவுல புதுசா எந்த விஷமும் உருவாகாது. கிருமி வேகமா பெருகுறது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல. அதாவது நம்ம சமையல் மேடையில. மத்தியானம் வடிச்ச சோத்தை ராத்திரி வரைக்கும் மேடையிலேயே வச்சு, சூடு காட்டிச் சாப்பிடுறோமே, பேசிலஸ் சீரியஸ் வளர்றது அதுலதான். அது விடுற ஒரு நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. இதுக்கு ஏன் யாரும் ஃபார்வர்டு போடல?

அரைச்ச இட்லி மாவு ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. அது சமர்த்து. பொம்பளை வேலைக்குப் போறதுக்காக உருட்டி வச்ச பன் மட்டும் "பழசு". நல்லா இருக்குய்யா உங்க அறிவியல்.

சரி, கேன்சர்னு பேச்சு வந்துடுச்சு, அதையும் பேசிடுவோம். 2016ல டெல்லி சிஎஸ்இ அமைப்பு கடை பிரெட், பன், பீட்சா, பர்கர்னு 38 மாதிரிகளைச் சோதிச்சது. 32ல பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்துச்சு. புரோமேட்டை 1999லயே புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருந்தது. 2016 ஜூன்லதான் இங்க தடை வந்துச்சு. அந்த அக்கா மாவுல இருக்கறது உப்பு, ஈஸ்ட், எண்ணெய், தண்ணி. கடைக்காரங்க எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்லல. கேக்க வேண்டிய கேள்வியை அவங்க கிட்ட கேளுங்க, லேபிளைப் பார்த்துக் கேளுங்க.

எதிர்க்கட்சிக்கும் ஒரு குட்டு. "பிரெட்டை ஃப்ரீஸ் பண்ணிட்டா சுகர் ஏறாது"ன்னு ஒரு ரீல் சுத்துது. 2008ல வந்த சின்ன ஆய்வு அது. வீட்ல செஞ்ச வெள்ளை பிரெட்டை உறைய வச்சு, டோஸ்ட் பண்ணிக் கொடுத்தப்போ சர்க்கரை ஏற்றம் சுமார் 39% குறைஞ்சுது. சாப்பிட்டவங்க சர்க்கரை நோய் இல்லாத பத்தே பேர்! கொஞ்ச மாவுச்சத்து செரிக்கக் கடினமா மாறுது, அவ்வளவுதான். இதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர் ஒருத்தர் 380 சுகரோட என் முன்னாடி வந்து உக்காந்தார்.

இப்போ செய்முறை. அரைக்கிலோ மாவு (பாதி கோதுமை, பாதி மைதா), 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, ஒன்றரை ஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் டிரை ஈஸ்ட், ரெண்டு ஸ்பூன் எண்ணெய். டால்டா வேணாம். பொங்கினதும் 12 உருண்டை. திரும்ப உப்ப விட்டு, 180 டிகிரியில பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நிறம் மாறுறதுக்குள்ள எடுத்துடணும். முழுசா ஆறணும். சூட்டோட கவர்ல போட்டா ஐஸ் கட்டும், பன் நமுத்துப்போகும். தேதி எழுதி ஃப்ரீசர்ல, கீழ்த் தட்டுல இல்ல. கீழ்த் தட்டுலதான் பிரெட் சீக்கிரம் வறண்டு போகும். காலையில 200 டிகிரியில எட்டுப் பத்து நிமிஷம். ஓவன் இல்லாதவங்க அடிகனமான சட்டியை நல்லா காய வச்சு, மூடிச் சுடலாம்.

ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ்னா ஃப்ரீசர் அவ்வளவு குளிராது, ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க. கரண்ட் போயி வந்தா தொட்டுப் பாருங்க: கல்லு மாதிரி இருந்தா இருக்கட்டும், இளகியிருந்தா அன்னைக்கே சுட்டுச் சாப்பிடுங்க, திரும்ப உறைய வைக்காதீங்க.

அக்காவுக்கு இதையெல்லாம் சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தேன். மாமியாரையும் ஒருநாள் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். பிபி பார்க்கணும்னு சொல்லித்தான்.