எழுத்துச் சீர்திருத்தமும் எழுத்துத் துறவும்

தமிழைத் தமிழெழுத்தில் எழுதவேண்டுவதில்லை, உரோமன் எழுத்தே போதும் என்பார் இன்று தமிழரிடையே உளர். கைப்பேசிச் செய்திகளில் அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகளும் அதற்கு விலக்கல்லர். எளிமையே அவர்கள் காட்டும் காரணம்.

அவ்வெளிமை யாது? செய்தி விடுப்போர் பலர் லகர ளகர ழகரங்களுக்கு ஓரெழுத்தையே இடுகின்றனர். குறில் நெடில் வேறுபாடும் காட்டுவதில்லை. ஆகவே கலை, களை, கழை, காலை, காளை ஐந்தும் ஓருருவாகின்றன. வகுப்பில் ஆசிரியர் ஆண்டுக்கணக்காகத் திருத்திய பிழையைக் கைப்பேசி ஒரு நொடியில் விதியாக்கிவிடுகிறது.

247 எழுத்துகள் சுமையன்றோ என்பர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளோடு சில குறியீடுகளையும் அறிந்த குழந்தைக்கு, உகர ஊகார வரிசைகள் நீங்கலாக, எஞ்சியவை பெரும்பாலும் தாமே விளங்கும். குறை எழுத்தில் இல்லை. கற்பிக்கும் முறையில் இருக்கலாம்.

சீர்திருத்தம் கூடாதென்பதன்று. பெரியார் 1935இல் 'குடியரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தங்களுட் சிலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, லை முதலியன இன்றைய வடிவம் பெற்றன. மலேசியாவும் அவற்றை ஏற்றது. அது வீட்டைச் செப்பனிட்ட செயல். உரோமனுக்கு மாறுவதோ வீட்டை விட்டு வெளியேறும் செயல்.

வெளியேறியபின் நேர்வதை அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டா. 1888இல் ஜொகூர் பாருவில் மலாய்மொழி வளர்ச்சிக்கென ஒரு கழகம் தோன்றியபோது, மலாயின் எழுத்து ஜாவி. பின்னர் ரூமி பரவியது. 1963/67ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் அதனையே தேசிய மொழியின் எழுத்தாக்கியது. மலாய் அழிந்துவிடவில்லை, அரசும் பல்கலைக்கழகமும் அதனைத் தாங்கின. ஆயினும் முன்னோர் ஜாவியில் எழுதியவற்றைப் படிக்க, இன்றைய மலாய் மாணவன் அவ்வெழுத்தைத் தனியே கற்கவேண்டியுள்ளது. அரசுத் துணை வாய்ந்த மொழிக்கே இந்நிலை எனின், இந்நாட்டுத் தமிழின் கதி என்னாகும்?

எழுத்தே இல்லாதிருந்த இனமொன்றன் வரலாறும் நோக்கத்தக்கது. அமெரிக்கச் செரோக்கி இனத்துச் செக்குவோயா ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அவர் பல்லாண்டு உழைத்து 1821இல் தம் மொழிக்கு அசையெழுத்து முறையொன்றை நிறைவுசெய்தார். 85 எழுத்துகளைக் கொண்ட அம்முறையை அவ்வினத்தார் சில ஆண்டுகளில் பெருவாரியாகக் கற்றனர். 1828இல் செய்தித்தாளும் கண்டனர். 1835இல் ஜார்ஜியப் படையினர் அச்சுப்பொறியைக் கைப்பற்றினர். 1838இல் அம்மக்கள் தாயகத்தினின்று துரத்தப்பட்டனர். எழுத்தையோ அவர்கள் கைவிடவில்லை, இன்றும் கற்பிக்கின்றனர்.

நிலம் இழந்தோர் எழுத்தைக் காத்தனர். தமிழ் விசைப்பலகை கைப்பேசியிலேயே இருக்க, தமிழர் அதனை எறிவதோ? ஆசிரியர் தம் மாணவர்க்கு விடுக்கும் அடுத்த செய்தி தமிழெழுத்தில் அமையட்டும்; மாணவர் தாமே பின்தொடர்வர்.